பன்னிரண்டில் மூன்று

ரோசம்மாள் காகிதத்தை இரண்டாம் முறையும் படித்தாள். பன்னிரண்டு குழிகள் வெட்டியதாகவும், பன்னிரண்டிலும் எட்டடி கனத்துக்கு வெள்ளைக்கல் கண்டதாகவும் டைப் அடித்திருந்தது. கீழே 'குழி வெட்டிய மேஸ்திரி' என்ற இடம் மட்டும் காலி. வெட்டிய மேஸ்திரி அவள்தான். மூன்று குழிகளில்தான் கல் கண்டது. மீதி ஒன்பதில் மண்ணுக்குக் கீழே மண், அதற்கும் கீழே வேறு நிறத்தில் மண்.

"கையெழுத்துப் போடும்மா. மெட்ராஸ் இன்சினியரு வர்ற நேரம்" என்றார் பச்சியப்பன்.

கம்பைநல்லூரில் கடலை வியாபாரம் செய்து, எழுபத்தொன்றாம் வருஷம் கல்லுக்குத் தாவியவர் அவர். வெள்ளைக்கல் எடுக்கும் சுரங்கக் கம்பெனிக்குப் பங்கு என்று குடியானவர்களிடம் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். இன்சினியர் இந்தக் காகிதத்தை ஒப்புக்கொண்டுவிட்டால், அதைக் காட்டி இன்னும் நூறு பேர் மடியை அவிழ்க்கலாம். ரோசம்மாளின் ஆட்களில் ஒருத்தியான செல்லியின் புருஷன், பங்கு வாங்க உழவு மாட்டை விற்க நாள் பார்த்து வைத்திருந்தான்.

"மூணுல இருக்கறது மத்ததுல இருக்காதா? பூமிக்கடியில போயி யாரு பாத்தா?"

"நான் பாத்தனுங்க."

"அட, சரக்குன்னா அப்படித்தாம்மா. மூட்டை வாயில பருத்த கடலை, வயித்துல சொத்தை. வாங்கறவனுக்குத் தெரியாதா?"

"அதுக்குத்தானுங்களே அவன் மூட்டையக் குத்திப் பாக்கக் குத்தூசியோட வர்றான்."

பச்சியப்பன் சிரித்தார். பேரம் படியாத வியாபாரி சிரித்தால், அடுத்து ஆசை காட்டுவான் அல்லது மிரட்டுவான். இவர் இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார். "கம்பெனி வந்தா உங்க பதினோரு பேருக்கும் வருசம் பூரா வேல. போடலீன்னா நாளைக்கே வேற ஆளு எறங்கும்."

"போட்டுத் தொலக்கா" என்றாள் செல்லி. "கல்லு வந்து கோர்ட்டுல பேசப்போவுதா?"

"போட்டுடறேன்டி. உன் வூட்டு மாட்டப் புடிச்சி நானே இவரு கையில குடுத்த மாதிரி இருக்கும். போடட்டுமா?"



இரண்டு நாளாகவே பச்சியப்பனின் லாரி ஆட்கள் நல்ல குழிக் கல்லை அள்ளி ஒன்பது குழிகளின் அடியிலும் பரப்பி, சுவரெல்லாம் கல்மாவைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். நடுவில் நின்ற மண் தூண்கள்தான் பாக்கி. குழி வெட்டுகிறவர்கள் நடுவே ஒரு தூணை வெட்டாமல் விடுவார்கள். அதை வைத்துத்தான் ஆழத்தை அளந்து கூலி போடுவது. அளக்கும்வரை அதை யாரையும் தொடவிட மாட்டார்கள். மேலே புல், கீழே குழியின் அடி, இடையில் பூமி தன்னை அடுக்கியிருந்த விதம் அப்படியே அதில் நிற்கும். கடலை வியாபாரிக்கு அது வெறும் இடைஞ்சல்.

"அந்தத் தூணையெல்லாம் மொதல்ல இடிச்சித் தள்ளுங்க."

"அளக்காம இடிக்க மாட்டமுங்க. நீங்களே கடப்பாரை எடுத்தாலும் விடமாட்டோம்."

ஜீப் வந்து நின்றது. ஒல்லியான இன்சினியர் இறங்கி, பச்சியப்பன் நீட்டிய இளநீரை வாங்காமல், "வெட்டினது யாரு?" என்றார்.

"நம்ம ஆளுங்கதான் சார், காகிதம் எல்லாம் ரெடி..."

"நாந்தானுங்க" என்றாள் ரோசம்மாள். "காகிதம் இருக்கட்டும் சார். இப்படி வாங்க."

குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தோடு நாலாவது குழியின் ஏணியில் இறங்கினாள். இன்சினியர் பின்னாலேயே இறங்கினார். வெள்ளைத் தூசி படிந்திருந்த தூணின் மேல் குடத்துத் தண்ணீரை மேலிருந்து கீழாக வீசி அடித்தாள். தூசி கரைந்து ஓடியது. முதலில் சிவப்பு, பிறகு சரளை, அதற்குக் கீழே மஞ்சள் களிமண், அடிவரைக்கும் மஞ்சள். மேலிருந்து "ஏய், ஏய்" என்று பச்சியப்பனின் குரல் வந்தது. இன்சினியர் டேப்பை உருவித் தூணின் மேல் வைத்தார்.

குடத்தை நிரப்ப ரோசம்மாள் மேலே ஏறி வந்தாள். பச்சியப்பன் வழியை மறித்து நின்றார். அவருக்குப் பின்னால், இடுப்பில் தளும்பும் குடத்தோடு செல்லி ஐந்தாவது குழியின் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டாள். மற்றவர்களும் ஆளுக்கொரு குடத்தோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.