வேட்டியில் விழுந்த ஆரஞ்சு

பச்சை லேசரைத்தான் அனுப்பினேன். ஷெட்டின் எதிர்முனைத் திரையின் நடுவே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தான். ஆனாலும் சந்தோஷப்படத் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றேன்.

வத்தலக்குண்டு சாலையில் மூடிக்கிடந்த நூற்பாலையின் நீள ஷெட்டைக் கேட்டு வாங்கியிருந்தோம். மிகச் சக்தியான லேசர் தூரம் போகப் போக, காற்றே அந்த ஒளியில் கொஞ்சத்தை வேறு நிறமாக்கிவிடும். சக்தி ஓர் அளவைத் தாண்டினால்தான் அது நடக்கும். குறைந்தால் சட்டென்று நின்றுவிடும். "நம்ம லேசருக்கு அம்புட்டு பவர் கிடையாதும்மா" என்று என் வழிகாட்டி செழியன் சார் முதலிலிருந்தே சொல்லிவந்தார். இரவல் லேசர் சாயங்காலம் திரும்பிப் போகிறது. இன்று காட்டாவிட்டால் என் ஆய்வேடு அவ்வளவுதான்.

சார் வந்து என்னைப் போலவே பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினார். அது பச்சையை மறைத்துவிடும், ஆரஞ்சு மட்டும் தெரியும். வெகுநேரம் பார்த்தார்.

"நான் சொன்னதுதான் தப்பு, கனகா" என்றார்.

அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி வருமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை. துறைத்தலைவரிடம் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

லேசரை அணைக்கச் சக்தியைக் குறைத்தேன். ஆரஞ்சு சட்டென்று மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, மங்கியது. இன்னும் குறைத்தேன். போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. காற்றா, கண்ணாடியா, என் கண்தான் கெட்டுப்போச்சா? ஒன்றும் விளங்கவில்லை.

அணைத்துவிட்டு என் கணவர் பாண்டியைக் கூப்பிட்டேன். திரையாகச் சுவரில் கட்டியிருந்த வேட்டியைக் கொண்டுவந்தது அவர்தான்.

"ஏங்க, இது புதுசா?"

"பழசுதான். அம்மா சுங்குடிச் சேலையோட சேத்து ஊறப் போட்டுருச்சு. ரோஸ் சாயம் ஏறிருச்சுன்னு நல்லா அலசித்தான் கொண்டாந்தேன். இப்பத் தெரியலைல்ல?"

கண்ணுக்குத் தெரியவில்லைதான். ஆனால் சில ரோஸ் சாயங்கள் பச்சை ஒளி பட்டால் ஆரஞ்சாக ஒளிரும். சுவரிலிருந்து வேட்டியை அவிழ்க்கச் சொன்னேன். அவர் ஒதுங்கியதும் வெறும் சுவரில் முழுச் சக்தியோடு அடித்தேன். கண்ணாடிக்குள் ஒரே இருட்டு, ஆரஞ்சு துளியும் இல்லை.

அழுகை வந்தது. வாயை மூடிக்கொண்டு வேட்டியை மறுபடி கட்டிவிட்டால் என்ன என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதில்தான் பயந்துபோனேன். லேசரை அணைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

"சார், போனை வைங்க. அது காத்து இல்ல, சாயம்."

வேட்டிக் கதையைச் சொன்னேன். அவர் போனை மெல்ல இறக்கினார்.

"அப்ப நான் முதல்ல சொன்னதுதான் சரியா?"

"ஆமா சார்."

ஜெயித்தவர் முகமாக அது இல்லை. அந்த வெயிலிலும் கண்ணாடியைக் கழற்றாமல் ஷெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.