லாயிட் வீட்டுத் தபால் பெட்டி

அலுவலகத்தில் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரின் டப்பாவைக் குடைந்து, சி.டி. போடும் வாயைத் தபால் போடும் வாயாக்கி, பிரேசர் டவுன் வீட்டு கேட்டில் மாட்டினார் லாயிட். தெருவே தன் மூளையை மெச்சட்டும் என்று பெயின்ட்கூட அடிக்கவில்லை. ஒரு வாரமாகக் கடிதமே வரவில்லை. இந்தக் காலத்தில் தனக்கு யார் கடிதம் போடுவார்கள் என்பது அந்த மூளைக்கு முன்பே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பினால், கேட்டடியில் இரண்டு கொழுத்த மானிட்டர்கள், ஒரு பிரிண்டர், சிக்கலாய்ச் சுருண்ட வயர்கள். பழைய கம்ப்யூட்டர் சேகரிக்கும் இடம் என்று அக்கம்பக்கத்தார் நினைத்துவிட்டார்கள்.

"உங்களுக்குத் தபால் வந்திருக்கு, எடுத்துக்கினு வாங்க," என்றாள் மனைவி பிரிஜெட், சிரிக்காமல்.

அவமானத்தோடு குனிந்து தூக்கும்போதே லாயிட்டுக்குப் பட்டது, இந்த மானிட்டரைக் குடைந்தால் மீன் தொட்டிக்கு எடுப்பாக இருக்கும்.