நாலு கூடை மண்

தெருவில் நட்ட பதினான்கு மரங்களில் முதலில் வாடியது அண்ணி வீட்டு வாசலில் இருந்ததுதான். அண்ணி தையல்காரி. விடிந்ததும் மிஷினில் உட்காருவதற்கு முன் அதற்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிடுவாள். அவள் கொழுந்தன்தான் நகராட்சியில் மரங்களுக்கு மேற்பார்வையாளர்.

வாடிய மரத்தைப் பார்க்கத் தெருவே கூடியபோது அவன் சத்தம் போட்டான். "துணி அலசின சோப்புத் தண்ணிய ஊத்தினா மரம் எப்படிப் பொழைக்கும் அண்ணி?"

அவள் முகம் சுண்டிப்போனது. "நல்ல தண்ணிதான் ஊத்துறேன் தம்பி."

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுவாரம் மண்ணைச் சோதிக்க நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தார். மரங்களை நட்ட தோட்டக்காரரின் மண்வெட்டி ஒரு சாண் இறங்கியதுமே ணங்கென்றது. கடப்பாரையால் நெம்பினால் சிமெண்ட் கட்டி, உடைந்த டைல்ஸ், செங்கல். இடுக்கில் தண்ணீர் தேங்கி நாறியது. கீழே போக வழியில்லாமல் வேர்கள் சுருண்டு அழுகியிருந்தன.

"இதுல புல்லுகூட மொளைக்காதே! யார் மூடினது?"

"கூலி ஆளுங்க மேடம்." தடங்கலே இல்லாமல் பொய் வந்தது கொழுந்தனுக்கு.

தோட்டக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நடைபாதை உடைத்த கழிவை அள்ள லாரி வராத அன்று, "குழியிலயே தள்ளுங்க, மேல நாலு கூடை மண்ணப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது" என்று அவன் சொன்னது அவரிடம்தான். அன்றும் இப்படித்தான் பார்த்தார்.

அண்ணி நூல் கோத்த ஊசியோடு வாசலில் நின்றிருந்தாள். அவனுக்குக் காது மடல் சுட்டது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றால், பிளந்த இடத்திலும் அவன் போட்ட கல்தான் கிடந்தது.

"நான்தான் மேடம் மூடச் சொன்னேன். இவர் மேல தப்பில்ல." வாசல் பக்கம் திரும்பினான். "அண்ணி ஊத்தினதும் நல்ல தண்ணிதான்."

மெமோ வந்தது. வாங்கிக்கொண்டான். தோட்டக்காரரோடு தானும் இறங்கிப் பதினான்கு குழிகளையும் தோண்டினான். கல்லை அள்ளி, இறுகிய மண்ணைக் கொத்திவிட்டு, மக்கிய இலை உரம் கலந்து, மேலே சருகு பரப்பினார்கள். பதிமூன்று மரங்கள் துளிர்த்தன. அண்ணி வீட்டு மரம் போனது போனதுதான்.

புதுக் கன்றோடு போனபோது அவள் குழியோரம் வந்து நின்றாள்.

"அடியில என்ன இருக்கு?"

அவன் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி மண் அள்ளிக் காட்டினான். கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. ஒரு மண்புழு நெளிந்தது.

அவள் மண்ணைத்தான் பார்த்தாள், அவனை அல்ல. "சரி, நட்டுடுங்க" என்று உள்ளே போனாள்.

நட்டு முடிக்கும்வரை அவன் தலை நிமிரவில்லை.