விட்டுப்போன வருஷம்

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே குனிந்து, விஜயஸ்ரீ அப்பாவின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். உள்ளே கூடத்தில் அப்பா குமரகுருபரன் பிள்ளை வெள்ளை வேட்டியில் கிடந்தார். விடியக்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார்.

“ஏட்டி விஜயா, அப்பா செருப்ப எடுத்து உள்ள வையி. வாரவுக ஆரும் மாத்திப் போட்டுட்டுப் போயிருவாக” என்று அழுகைக்கு நடுவிலும் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

சைக்கிளுக்குப் பக்கத்தில்தான் அவர் கழற்றிப் போடுவார். அங்கே ஒரு ஜோடி கிடக்கத்தான் செய்தது. ஆனால் அது பழுப்பு வார் வைத்த புத்தம் புதுசு, வாலிபப் பிள்ளைகள் போடுவது. அப்பாவுடையது கறுப்பு. இடது குதிகால் மட்டும் தேய்ந்திருக்கும், அந்தக் காலை அவர் கொஞ்சம் இழுத்து நடப்பார்.

அந்தக் காலுக்கு ஒரு கதை உண்டு. அறுபத்தாறாம் வருஷம் அவருடைய ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது, வந்தால் பாதிப் பேருக்கு வேலை போகும் என்று பேச்சு கிளம்பியது. மூன்று நாள் வாசலை மறித்து நின்றார்கள். லாரி பெட்டியோடு திரும்பிப் போனது. தள்ளுமுள்ளில் விழுந்து இவருக்கு முழங்கால் பிசகியதுதான் மிச்சம். அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள், வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டருக்கே டீச்சராகப் போய்ச் சேர்ந்தால்!

“படிக்கதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையாமா அவளுக்கு?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அதுவும் அம்மாவிடம். அத்தோடு சரி. இரண்டு வருஷமாக மகளோடு பேச்சு இல்லை. பிடிவாதம் கொஞ்சமா நஞ்சமா! ஆனால் அவள் வீடு வந்து சேராமல் சாப்பிட உட்காரமாட்டார். “அவ வந்துட்டாளா?” என்று அவள் காதுபடவே அம்மாவிடம் கேட்பார். அவளும் அதே ரத்தம்தானே, “வந்துட்டேன்னு சொல்லும்மா” என்பாள்.

இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று இருந்தது இப்படி ஆகிவிட்டது. கோபத்தோடேயே போய்விட்டாரே என்பதுதான் காலையிலிருந்து அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை.

பத்து மணிக்கு சென்டர் முதலாளி உமர் பாரூக் மாலையோடு வந்தார். கூடத்துக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இவுகளாம்மா ஒங்க அப்பா?”

“ஆமா சார். ஏன்?”

“நேத்து சென்டருக்கு வந்தாகளே! புது பேட்சுக்கு நீ கம்ப்யூட்டர் சரித்திரம் எடுத்தேல்லா, கடைசி பெஞ்சுல தூணு மறைவுல முக்கா மணி நேரம் இருந்தாக. படிக்க வந்த பய ஆருக்கோ பெரியப்பாவா இருக்கும்னு நெனச்சேன்.”

விஜயஸ்ரீ வாசலுக்குப் போய் அந்தப் பழுப்புச் செருப்பை எடுத்து வந்து காட்டினாள். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று சென்டரில் எல்லோரும் மாடிப்படியிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும்.

“அட, நம்ம மாரிசெல்வத்துதுல்லா இது! செருப்பக் காணோம்னு நேத்து வெறுங்காலோட போனான். அங்கன ஒரு கறுப்பு ஜோடிதான் கெடக்கு. வகுப்பு முடியும்போது கரண்டு போச்சுல்லா, நீ பாத்துரக்கூடாதுன்னு வெரசலா எறங்கினாக போல.”

“அப்பா… என்னமும் சொன்னாகளா சார்?”

“படியில வச்சுச் சொன்னாக. ‘பிள்ள நல்லாச் சொல்லுதா வே. ஒரு வருசத்த மட்டும் விட்டுட்டா. அறுபத்தாறுல இதே ஊர்ல நாங்க அத உள்ள விடலைல்லா? அதையும் சேத்துக்கிடச் சொல்லும்’னாக. இன்னைக்கு ஒங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேம்மா.”

பாவி மனுஷர், அப்போதும் ஆள் வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்! அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே அழுகையாக உடைந்தது. அப்பாவின் இடது காலைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கருப்பந்துறைச் சுடுகாட்டுக்கு எடுக்கும்வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

பதினாறு கழிந்து சென்டருக்குப் போனாள். மாடிப்படி ஓரத்தில் கறுப்புச் செருப்பு யாரும் தொடாமல் கிடந்தது. தன்னுடையதை அதன் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கரும்பலகையில் அன்றைய பாடத்தையே மறுபடியும் 1642, கூட்டல் இயந்திரம் என்று தொடங்கினாள். 1946, அறை நிறைய இருந்த கம்ப்யூட்டர். 1971, விரல் நகத்தளவு சில்லு. பிறகு திரும்பி வந்து, கடைசி இரண்டுக்கும் நடுவில் இடுக்கி 1966 என்று எழுதினாள்.

“டீச்சர், இது புஸ்தகத்துல இல்லையே?” என்றான் மாரிசெல்வம்.

“இருக்காது. எழுதிக்கிடுங்க. திருநெல்வேலி. பெட்டியை உள்ளே விடவில்லை.”

கடைசி பெஞ்சிலிருந்து யாரோ வருஷத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவள் அங்கே கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே, இன்னொரு தடவை சொன்னாள்.