பொருந்தவில்லை என்று சொன்னார்கள்

டயாலிசிஸ் பிரிவில் பெரியக்கா என்றால்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்தபோது கறுத்திருந்த தலை அங்கேயே நரைத்து, முட்டியும் தேய்ந்துபோன நர்ஸ் அவள். நோயாளிகளின் சொந்தக்காரர்களை ஓரமாய் அழைத்து, "வீட்ல யாராவது ஒரு கிட்னி குடுத்தா மனுஷன் பிழைச்சுக்குவாரு. பேசிப் பாருங்க" என்று காதில் போட்டுவைப்பது அவள் வழக்கம். யாரும் சொல்லித் தரவில்லை. வாரம் மூன்று முறை ஊசி குத்திக் குத்திக் கை ஓய்ந்தவள் வேறு என்னதான் சொல்வாள்?

அங்கே டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த பஸ் டிரைவர் ஒருவனின் தங்கையிடமும் அப்படித்தான் போட்டுவைத்தாள். பரிசோதனையில் தங்கைக்கு எல்லாமே பொருந்தியது. டிரைவரின் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆபரேஷனுக்கு முன் கொடுப்பவரிடம் தனியாகப் பேசுவது டாக்டரம்மாவின் கண்டிப்பு. துணைக்குப் பெரியக்கா உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தியதும் தங்கை சொன்னாள்:

"எனக்கு இஷ்டமில்ல டாக்டர்."

பெரியக்காவுக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, பயமா இருக்கா?"

"பயம்னு சொன்னா எல்லாரும் தைரியம் சொல்ல வந்துருவீங்க. அண்ணன் மேல உசுரையே வச்சிருக்கேன். ஆனா இது வேண்டாம். ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல."

"கூடப்பிறந்தவன்மா. நல்லா யோசிச்சு..."

"சிஸ்டர்," என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு சொல்லில் பெரியக்கா வாயை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா தங்கையின் பக்கம் திரும்பினார். "கடைசி டெஸ்ட்ல மருத்துவ ரீதியா ஒத்துவரலன்னு வீட்ல சொல்லிடறோம். அதுக்கு மேல யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க."

சாப்பாட்டு அறையில் பெரியக்காவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மெஷின் பார்க்கும் டெக்னீஷியனிடம் பேர் சொல்லாமல் விஷயத்தைக் கொட்டினாள்.

"என்ன ஜென்மமோ! சொந்த அண்ணனுக்குக் கூடவா?" என்றான் அவன்.

"நீ குடுப்பியா உங்கண்ணனுக்கு?"

அவன் டிபன் டப்பாவை மூடினான். "எங்கண்ணனா? எனக்கு வரவேண்டிய பொண்ணையே தட்டிட்டுப் போனவனாச்சே!" சிரித்தான். அப்புறம் சிரிப்பு அடங்கி, "தெரியலக்கா" என்றான்.

நீங்க குடுப்பீங்களா என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. ஊர்ப்பட்ட பேரிடம் கேட்டவள், தன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

குடும்பத்திடம் சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்தது. வராந்தாவில் அம்மா, மனைவி, தங்கை மூவரும் எழுந்து நின்றார்கள். "கடைசி டெஸ்ட்ல ஒத்துவரலம்மா" என்றாள். டிரைவரின் மனைவி முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மாதான் மகளின் தலையைத் தடவி, "நீ என்னடி பண்ணுவ? குடுக்க முடியலையேன்னு ஏங்காத" என்றாள்.

அந்தத் தடவல் பொறுக்காமல் தங்கை விடுவிடுவென்று குழாயடிக்குப் போனாள். பெரியக்கா பின்னாலேயே போனபோது வாயில் நாலு வார்த்தை தயாராக இருந்தது.

"திட்டணும்னா திட்டிருங்க சிஸ்டர்" என்றாள் தங்கை, முகத்தைக் கழுவாமலே.

வெளுத்த உதடு. பெரியக்காவுக்குச் சட்டென்று எல்லாம் அலுத்துப்போயிற்று.

"காலைல சாப்டியா?" என்றாள்.

இல்லையென்று தலையாட்டியவளைக் கான்டீனில் உட்காரவைத்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, தின்று முடிக்கும்வரை பேசாமல் பக்கத்திலேயே இருந்தாள்.

மறுநாள் டிரைவர் கையை நீட்டிப் படுத்திருந்தான். ஊசி உள்ளே இறங்கும்போது மெல்லக் கேட்டான்.

"சிஸ்டர், நெசமாவே ஒத்துவரலையா? இல்ல, அவ வேண்டாம்னுட்டாளா?"

அவள் குழாயின் மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "ஒத்துவரல."

"அப்பாடா" என்றான். "வேண்டாம்னு சொல்லியிருப்பாளோன்னு ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கமில்ல. அது ஒண்ணைத்தான் என்னால தாங்கிக்க முடியாது."

மெஷின் ஓடத் தொடங்கியது. முன்பின் தெரியாத யாரோ இறந்து அவனுக்கு ஒரு கிட்னி வரும்வரை இனி இந்தக் கட்டில்தான். எத்தனை வருஷமோ. கொஞ்ச நேரத்தில் அவன் குறட்டை கேட்டது. பெரியக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, கடுக்கிற காலை நீட்டிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் படுத்திருந்தார்; அவருடைய மகன், அப்பா பிழைக்க ஏதாவது வழி சொல்வாளென்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மா வந்து பேசுவாங்க தம்பி," என்றாள். "அதுவரைக்கும் அப்பா பக்கத்துல உக்காரு."