வல்லிபுரம் குடித்த மருந்து

ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளிலிருந்து வல்லிபுரம் ஒருவரையும் நம்புவதில்லை. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, ஒரு மனிதர் மட்டும் திருகோணமலைக்கு மாற்றலாகி வந்தால் யார்தான் நம்புவது? அந்த மனிதர் டிஸ்பென்சரிக்கு வைத்தியம் பார்க்க வந்த அப்போதிக்கரி குலசிங்கம். வல்லிபுரமும் திரியாய்வரை ஓடிப் பசியோடு திரும்பியவன்தான். அந்தக் கதையை அவன் எடுப்பதில்லை.

மகள் தங்கேஸ்வரிக்கு ஒன்றரை வயது. வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பாள். எழும்பி நிற்கவும் சோம்பிப் பஞ்சிப்படுவாள். அப்போதிக்கரி அவள் கண்ணின் கீழ்மடலை இழுத்துப் பார்த்து, இரத்தசோகை என்றார். ஒரு கீறல்கூட இல்லாத பிள்ளையின் இரத்தம் எங்கே போனது என்று வல்லிபுரம் யோசித்தான். அவர் ஒரு போத்தல் மருந்து கொடுத்தார்.

மறுநாள் பிள்ளையின் பீத்துணி கறுத்திருந்தது. டொக்யாட்டில் கப்பலடிக்குத் தார் பூசுகிறவனுக்குக் கறுப்பைத் தெரியாதா? மனைவி இரத்தினேஸ்வரி எவ்வளவோ சொல்லியும் கேளாமல் போத்தலைப் பறித்தான். நஞ்சா இல்லையா என்று தானே குடித்துப் பார்ப்பதாகச் சொன்னான். தியாகிபோல நேரத்துக்கு நேரம் குடித்தான். நாலாம் நாள் காலை அவனுக்கும் கறுப்பு.

வெறும் போத்தலோடு நேரே டிஸ்பென்சரிக்குப் போனான்.

“எனக்கும் கறுப்பாப் போகுது ஐயா. சாகமுதல் கேக்கிறன், ஆர் உங்களை இஞ்ச அனுப்பினது?”

குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். “பிள்ளையின்ரை மருந்தை நீங்கள் ஏன் குடிச்சனீங்கள்?”

“சோதிச்சுப் பார்த்தனான்.”

“அது இரும்புச்சத்து. கறுப்பாத்தான் போகும். முதலே சொல்லாதது என்ரை பிழை.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை எத்தினை நாளாக் குடிக்கேல்லை?”

வல்லிபுரம் மூன்று விரலைக் காட்டினான்.

“வெறும் பாலும் கஞ்சியும் குடிச்சு இரத்தம் வத்தின பிள்ளை. இப்பிடியே விட்டா நடையும் பிந்தும், பேச்சும் பிந்தும். சும்மா வாற காய்ச்சலையும் தாங்க ஏலாது.”

மீனை முள்ளெடுத்து மசித்துக் கொடுக்கச் சொல்லி, போத்தலில் பாதிதான் நிரப்பினார். அடுத்த கப்பல் வரும்வரை அவரிடமும் அவ்வளவுதான் இருந்தது.

அந்தப் பாதிப் போத்தலை வல்லிபுரம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தான். வீட்டில், மனைவியின் முகத்தைப் பாராமல், சொன்ன அளவு கரண்டியில் ஊற்றிப் பிள்ளைக்குப் பருக்கினான். தங்கேஸ்வரி மருந்தை வாயில் வைத்துக்கொண்டே அவனைச் சந்தேகமாய்ப் பார்த்தாள்.

“விழுங்கு ராசாத்தி, அப்பா குடிச்சுப் பார்த்திட்டன்,” என்றான்.

கொஞ்சம் யோசித்துவிட்டு விழுங்கினாள்.