காத்து வாங்கும் பம்பு

1

இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் பிறந்தது. கடிதம் சொதப்பியதால் கதையாக வளர்த்துக்கொண்டிருக்கிறேன். பாதிக் கதைகளின் ஜாதகம் இதுதான்; மற்றவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

என் அக்கா பம்பு மெக்கானிக். வண்டிக்காரர்கள் தங்கள் காரைத் தாங்களே கழுவிக்கொள்ளும் கடை ஒன்றில் வேலை. டோக்கன் போட்டால் துப்பாக்கி போன்ற குழாயிலிருந்து தண்ணீர் சீறும். அதைக் 'கன்' என்பார்கள். வண்டி நிறுத்த நான்கு தடுப்புகள், நான்கு பம்புகள். ஒரு வாரமாக மூன்றாம் நம்பர் படுத்தியது. தண்ணீர் சீறும், தளரும், மறுபடி சீறும். அழுத்தம் காட்டும் முள் நடுங்கும். பம்புக்குள் யாரோ சரளைக்கல்லை மெல்வது போலச் சத்தம்.

முதலாளி புதுப் பம்பு வாங்குவதென்று முடிவெடுத்தார். பராமரிப்பையும் பம்புக் கம்பெனியே பார்த்துக்கொள்ளுமாம். அப்படியானால் அக்கா வேண்டாம். கையெழுத்து புதன்கிழமை பகலில். பம்பில் கோளாறு இல்லை என்று சொல்கிறாயே, அதை எழுத்தில் கொடு என்று அவளிடம் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் எல்லோரும் மூட்டை தூக்கினார்கள். நான் ஒருவன்தான் பேனா தூக்கினேன். அதனால் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

2

கதையைத் தொடங்க முயன்றவை:

'நீர் என்பது நினைவின்...' (நிறுத்திவிட்டேன். அக்கா கேட்டால் அதே நீரை என் மூஞ்சியில் அடிப்பாள்.)

'அவள் கைகளில் காலத்தின் கிரீஸ்...' (கிரீஸ் காலத்திலிருந்து வருவதில்லை. டப்பாவிலிருந்து வருகிறது.)

'பெண்ணாக இருந்தும் அவள்...' (இந்த வாக்கியத்துக்கு விளக்கம் தேவையில்லை. அதை அடித்துவிட்டதற்கும்தான்.)

3

ஆகவே கடிதத்துக்கே வருகிறேன். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"தண்ணி உறிஞ்சற பக்கம் எங்கயோ பம்பு காத்து வாங்குது. மத்தபடி பம்பு நல்லா இருக்கு. எழுது."

எனக்குக் 'காத்து வாங்குது' உறுத்தியது. ஆள் வராத கடையையும் காத்து வாங்குது என்றுதானே சொல்வோம்? முதலாளி தன் வியாபாரத்தைக் கிண்டல் செய்வதாக எடுத்துக்கொண்டால்? மொழி அறிவு இருக்கிறதே, அது சும்மா கிடக்காது. திருத்தினேன்: 'பம்பு மூச்சு வாங்குகிறது.' அழகாக இருந்தது. இருந்து தொலைத்தது.

புதன்கிழமை முதலாளி அதைப் படித்துவிட்டுக் கம்பெனிக்காரரிடம் நீட்டியிருக்கிறார். அவர் சிரித்தாராம். பம்புக்கு வயசாகி மூச்சு வாங்குதுன்னு உங்க மெக்கானிக்கே எழுதிக் கொடுத்துட்டாங்களே சார், இதுக்கு மேல நான் என்ன சொல்ல என்றாராம். அரைமணி நேரத்தில் தாள்களைத் தயார் செய்வதாகச் சொல்லி ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார்கள்.

அக்கா போன் செய்தாள். ஓடினேன்.

"மூச்சு வாங்குதுன்னு நானாடா சொன்னேன்?"

"அர்த்தம் ஒண்ணுதானேக்கா. காத்து உள்ள போனா மூச்சுதானே."

"உனக்கு அர்த்தம். எனக்குச் சோறுடா."

4

(கதையைப் படித்துப் பார்த்த பத்திரிகை நண்பர் ஒருவர், அக்கா பாத்திரம் அளவுக்கு மீறி உறுதியாக இருக்கிறது, ஒரு பலவீனமாவது கொடுங்கள் என்றார். கொடுத்திருக்கிறேனே. தம்பியை நம்பினாள்.)

5

முனையிலிருக்கும் நாசில், தண்ணீர் வரும் வழியிலுள்ள சல்லடை, பெல்ட் எல்லாவற்றையும் அவள் முன்பே கழற்றிப் பார்த்தாகிவிட்டது. மிச்சம், தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயின் ஐந்து இணைப்புகள். அவற்றைத் துணியால் துடைத்தும் பார்த்திருக்கிறாள். ஒரு சொட்டு ஈரமில்லை.

அதுதான் வில்லங்கம் என்று அவள் எனக்கு விளக்கினாள். தண்ணீரைத் தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பீய்ச்சும், குருடனுக்கும் தெரியும். உறிஞ்சும் பக்கத்து ஓட்டை ஒழுகாது. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஒழுகவில்லையே, அப்படியானால் ஓட்டை இல்லை என்று முதலாளிகள் முடிவு செய்வார்கள். விமர்சகர்களும் அப்படித்தான், அது வேறு கட்டுரை.

கார் கழுவும் நுரையை ஒரு வாளியில் எடுத்து வந்தாள். பம்பை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் நுரையை அப்பினாள். முதல் மூன்றிலும் நுரை அப்படியே உட்கார்ந்திருந்தது. நான்காவதில் அப்பிய நுரை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய்க்குள் போய் மறைந்தது. மறுபடி அப்பினாள். மறுபடி மறைந்தது. பம்பை நிறுத்தி இணைப்பை இறுக்கும் வளையத்தைத் திருப்பினாள். அடிப்பக்கம் விரிசல். புது வளையம் போட்டு முடுக்கி, பம்பைத் திரும்ப ஓட்டினாள். கல் மெல்லும் சத்தம் நின்றது. முள் ஆணி அடித்தாற்போல் நின்றது.*

\* இங்கே 'என் நெஞ்சும் ஒரு கணம் நின்றது' என்று எழுதியிருந்தேன். பொய். சட்டை முழுக்க நுரை, அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

6

முதலாளி வெளியே வந்தார். இடது கையில் தாள், வலது கையில் மூடி கழற்றிய பேனா. பின்னால் கம்பெனிக்காரர். அக்கா எதையும் விளக்கவில்லை.

"கையெழுத்து எங்க போயிடப் போகுது முதலாளி. ஒருதரம் இந்தக் கன்னைப் பிடிச்சுப் பாருங்க."

"இன்னிக்கு நல்லாத்தான் சார் ஓடும்," என்றார் கம்பெனிக்காரர். "நாளைக்கு?"

"நாளைக்கு நான் இருப்பேன்ல," என்றாள் அக்கா. அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, முதலாளியைப் பார்த்து.

இனி முடிவு. கைவசம் இரண்டு இருக்கின்றன.

முதல் முடிவில் முதலாளி தாளைக் கிழிக்கிறார். வாசகர் கைதட்டுவார், எந்த முதலாளியையும் பக்கத்தில் பார்த்திராத வாசகர். இரண்டாவதில் கையெழுத்துப் போடுகிறார். அக்கா ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள், அந்தி சாய்... போதும். அதில் எனக்கு நல்ல எழுத்தாளன் என்று பெயர் கிடைக்கும், அவளுக்கு வேலை போகும். இரண்டையும் கசக்கிப் போட்டுவிட்டேன்.

நான் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். அந்தக் கன்னை ஒற்றைக் கையால் பிடிக்க முடியாது, அமுக்கியதும் எகிறும். இரண்டு கையும் வேண்டும். முதலாளி தன் கைகளைப் பார்த்தார். கம்பெனிக்காரர், தாளை என்கிட்ட கொடுங்க சார் என்று பணிவாகக் கையை நீட்டினார். வெள்ளைக் கை. அக்காவும் நீட்டினாள். கிரீஸ் கை.

தாளை அவர் யாரிடம் கொடுத்தார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒரு முதலாளி இருப்பார். அவர் கை எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கா தெரியாது?